ரவுட்டரை மாற்றினால் வேகம் கூடுமா?

கண்ணாடி இழை வழியாக வரும் ஃபைபர் இணைப்பு தமிழ்நாட்டின் நகரங்களிலும் சிற்றூர்களிலும் மின்சாரம், குடிநீர் போன்ற வீட்டுத் தேவைகளுள் ஒன்றாகிவிட்ட இந்நாளில், அதைப் பற்றி அடிக்கடி எழும் குறை ஏறக்குறைய ஒரே வடிவில் அமைகிறது: 100 அல்லது 200 மெகாபிட் வேகத்துக்குப் பணம் கட்டியும் உள்ளறையில் படம் நின்று நின்று ஓடுகிறது, காணொலி அழைப்பு நடுவில் அறுபடுகிறது. இதற்குக் கடைகளிலும் விளம்பரங்களிலும் சொல்லப்படும் தீர்வு, பெட்டியின் மேல் பெரிய எண் பொறிக்கப்பட்ட புதிய ரவுட்டர் ஒன்றை வாங்குவது. சில வீடுகளில் அது சரியான தீர்வுதான். ஆனால் வேகம் எந்த இடத்தில் குறைகிறது என்று அளந்து பார்க்காமல் வாங்கப்படும் ரவுட்டர், பல வீடுகளில் பழைய குறையை அப்படியே வைத்துக்கொண்டு சில ஆயிரம் ரூபாயை மட்டும் கரைத்துவிடுகிறது. மாதச் சம்பளத்தில் காலம் தள்ளும் குடும்பத்துக்கு அந்தத் தொகை சிறியதன்று என்பதால், இந்த முடிவைச் சற்றுப் பொறுமையாக ஆராய்வது தகும்.

முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது அலகு. இணைய நிறுவனங்கள் வேகத்தை மெகாபிட்டில் சொல்கின்றன; கணினியோ கோப்பின் அளவை மெகாபைட்டில் காட்டுகிறது. ஒரு பைட்டில் 8 பிட் இருப்பதால், 100 மெகாபிட் இணைப்பில் ஒரு விநாடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான் இறங்கும். பதிவிறக்கத்தின்போது திரையில் 11 என்ற எண்ணைக் கண்டு ஏமாற்றப்பட்டதாக நினைப்பவரின் இணைப்பு உண்மையில் நன்றாகவே இயங்கிக்கொண்டிருக்கிறது. தேவையின் அளவும் பலர் எண்ணுவதைவிடக் குறைவு. மிக உயர்ந்த தெளிவுடைய 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் பரிந்துரைக்கும் வேகம் 15 மெகாபிட். சாதாரண உயர்தெளிவுப் படத்துக்கு 5 மெகாபிட் போதும். ஆகவே ஒரே நேரத்தில் இருவர் படம் பார்க்க, ஒருவர் அலுவலக அழைப்பில் இருக்க, மாணவர் ஒருவர் பாடம் கேட்கும் வீட்டுக்கும் 100 மெகாபிட் தாராளமானது. அவ்வளவு இருந்தும் படம் நிற்கிறதென்றால், வாங்கிய வேகம் திரைக்கு வந்து சேரும் வழியில் எங்கோ சிக்கியிருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

அந்த வழி பல கண்ணிகளால் ஆனது. தெருவில் வரும் கண்ணாடி இழை ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று. ஜிபான் எனப்படும் பரவலான தொழில்நுட்பத்தில், விநாடிக்குச் சுமார் 2.5 கிகாபிட் கொள்ளளவு கொண்ட ஒற்றை இழை, வழியில் உள்ள பிரிப்பானால் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பகிரப்படுகிறது. அந்த இழை வீட்டுக்குள் வந்து முடியும் இடத்தில், ஒளித் துடிப்பை மின்துடிப்பாக மாற்றும் ஓ.என்.டி. என்ற பெட்டி அமர்ந்திருக்கிறது. வழக்கில் மோடம் என்று சொல்லப்படும் இந்தப் பெட்டிக்குள்ளேயே பெரும்பாலும் ரவுட்டரும் சேர்ந்திருக்கும்; ரவுட்டர் என்பது வெளியிலிருந்து வரும் ஒரே இணைப்பை வீட்டிலுள்ள பல கருவிகளுக்குப் பங்கிட்டு, எந்தத் தகவல் எந்தக் கருவிக்கு உரியது என்று கணக்கு வைத்து அனுப்பும் சிறு கணினி. அதிலிருந்து தகவல் லேன் கேபிள் வழியாகவோ காற்றின் வழியாகவோ கைபேசியை அடைகிறது. இந்தக் கண்ணிகளுள் மிக மெதுவானது எதுவோ அதுவே முழு வழியின் வேகத்தையும் தீர்மானிப்பதால், மெதுவான கண்ணி ரவுட்டராக இல்லாதபோது ரவுட்டரை மாற்றிப் பயனில்லை.

பெட்டியின் மேல் அச்சிடப்படும் எண்ணும் விளக்கம் வேண்டுவதே. ஏசி 1200 என்று விற்கப்படும் ரவுட்டரில் 1200 என்பது, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கிடைக்கக்கூடிய 300 மெகாபிட்டையும் 5 கிகாஹெர்ட்ஸில் கிடைக்கக்கூடிய 867 மெகாபிட்டையும் கூட்டி, முழு எண்ணாக்கி எழுதியது. சாதாரணக் கைபேசி ஒரு நேரத்தில் இரண்டில் ஒன்றில்தான் இணைந்திருக்கும் என்பதால் அந்தக் கூட்டுத்தொகை எந்த ஒரு கருவிக்கும் கிடைப்பதில்லை. தவிர, 867 என்பது காற்றில் பிட்டுகள் பறக்கும் உச்ச வேகம். தகவல் சரியாகச் சேர்ந்ததா என்ற ஒப்புதல்கள், காத்திருக்கும் இடைவெளிகள், முகவரிச் சுமைகள் அனைத்தும் போக, பயனுக்கு எஞ்சுவது நல்ல சூழலிலும் அதில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரைதான். இதைவிடக் கசப்பான உண்மை, விலை குறைந்த ஏசி 1200 ரவுட்டர்கள் பலவற்றின் பின்புறத்தில் உள்ள கேபிள் துளைகள் 100 மெகாபிட்டுக்கு மேல் தாங்காதவை என்பது. காற்றில் எவ்வளவு வேகம் இருந்தாலும், அப்படிப்பட்ட துளை வழியாக உள்ளே வரும் இணையம் 95 மெகாபிட்டைத் தாண்டாது. 300 மெகாபிட் திட்டத்துக்குப் பணம் கட்டும் வீட்டில் இத்தகைய ரவுட்டர் இருந்தால், மாதந்தோறும் கட்டணத்தின் பெரும்பங்கு வாசலிலேயே நின்றுவிடுகிறது.

கேபிளும் இதே குற்றத்தைச் செய்யக்கூடும். லேன் கேபிளுக்குள் 8 கம்பிகள், 4 இணைகளாக முறுக்கப்பட்டிருக்கின்றன. 100 மெகாபிட் இணைப்புக்கு அவற்றுள் 2 இணைகள் போதும், ஆனால் 1 கிகாபிட் இணைப்புக்கு நான்கும் தேவை. அவசரத்தில் 4 கம்பிகளை மட்டும் முனையில் பொருத்திவிட்டுப் போகும் பணியாளரும் உண்டு. எலி கடித்தோ கதவிடுக்கில் நசுங்கியோ ஓர் இணை அறுந்த கேபிளும் உண்டு. இரு நேர்வுகளிலும் இணைப்பு முற்றிலும் நின்றுபோவதில்லை, சத்தமில்லாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கி ஓடுகிறது. அதனால்தான் இந்தக் கோளாறு ஆண்டுக்கணக்கில் கண்டுகொள்ளப்படாமல் இருந்துவிடுகிறது. புதிய கேபிளின் விலை ரவுட்டர் விலையில் மிகச் சிறிய பங்கு.

காற்று என்னும் பொதுச்சொத்து

வைஃபை பற்றிய குழப்பங்களுக்கெல்லாம் அடிப்படை, அது கம்பியைப் போலத் தனியுடைமை என்று கருதப்படுவதுதான். உண்மையில் ஒரு வீட்டின் எல்லாக் கருவிகளும், அதே தடத்தைப் பயன்படுத்தும் பக்கத்து வீட்டுக் கருவிகளும் ஒரே காற்றைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒரு கருவி அனுப்பும்போது மற்றவை பொறுத்திருக்க வேண்டும். இரண்டு ஒரே கணத்தில் தொடங்கினால் இரண்டும் குலைந்து, தற்செயலாகத் தேர்ந்தெடுத்த சிறு இடைவெளிக்குப் பின் மீண்டும் முயல வேண்டும். இந்த ஏற்பாட்டின் மூலக்கரு, ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் தலைமையிலான குழு தீவுகளிடையே கணினிகளை வானொலி அலையால் இணைக்க 1971இல் இயக்கிய அலோஹாநெட் அமைப்பில் தோன்றியது. அரை நூற்றாண்டு கடந்தும் ஒவ்வொரு வீட்டின் கூடத்திலும் அதே மரியாதை கடைப்பிடிக்கப்படுகிறது. இதன் விளைவாக, வேகமான கருவியின் பங்கை மெதுவான கருவி தின்றுவிடுகிறது: 600 மெகாபிட்டில் பேசக்கூடிய மடிக்கணினி 1 விநாடியில் அனுப்பி முடிக்கும் தகவலை, தொலைவில் இருந்துகொண்டு 60 மெகாபிட்டில் பேசும் பழைய தொலைக்காட்சி அனுப்ப 10 விநாடி காற்றை அடைத்துக்கொள்கிறது. அந்தத் தொலைக்காட்சியை ஒரு கேபிளால் இணைத்துவிட்டால் மடிக்கணினியின் வேகம் கூடும் என்பது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் பொதுக் காற்றின் கணக்கு அதுவே.

இந்தக் காற்றில் வீட்டுக் கருவிகளுக்கு இரண்டு முக்கிய வெளிகள் உள்ளன. உரிமம் இல்லாமல் எவரும் பயன்படுத்தலாம் என்று அமெரிக்கா 1985இல் சில அலைவரிசைகளைத் திறந்துவிட்டதன் தொடர்ச்சியாகவே வைஃபை பிறந்தது, இந்தியா 2.4 கிகாஹெர்ட்ஸ் வெளியை 2005இலும், 5 கிகாஹெர்ட்ஸ் வெளியின் விரிந்த பகுதியை 2018இலும் உரிமத்திலிருந்து விடுவித்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வெளி மிகக் குறுகலானது. அதில் 13 தடங்கள் எண்ணப்பட்டிருந்தாலும், ஒன்றன்மேல் ஒன்று விழாமல் இயங்கக்கூடியவை 1, 6, 11 என்ற மூன்று மட்டுமே. அவற்றையே அடுக்குமாடியின் எல்லா வீடுகளும், புளூடூத் கருவிகளும், 2.45 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் மைக்ரோவேவ் அடுப்பும் நெருக்குகின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் வெளி பல மடங்கு அகலமானது, நெரிசல் குறைந்தது. எனினும் சுவரைக் கடப்பதில் அது பின்தங்கியது. குறைந்த கட்டணத் திட்டங்களுடன் தரப்படும் ஓ.என்.டி. பெட்டிகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே கொண்ட ஒற்றை அலைவரிசைப் பெட்டிகள் இன்னும் புழக்கத்தில் உள்ளன. அப்படிப்பட்ட வீட்டில் கடைக்குப் போவதற்கு முன், இணைப்புத் தந்த நிறுவனத்தையோ உள்ளூர் கேபிள்காரரையோ கேட்டு இரட்டை அலைவரிசைப் பெட்டி பெற முடியுமா என்று பார்ப்பதே முறை.

சுவரைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும். ரவுட்டர்களின் பரப்பளவுக் கணக்குகள் தடையற்ற வெளியையோ, மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அறைந்த அமெரிக்க வீடுகளையோ மனத்தில் கொண்டவை. தமிழ்நாட்டு வீடோ ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும், இரும்புக் கம்பி பின்னிய கான்கிரீட் தளமும் கொண்டது. அலையின் இழப்பு டெசிபல் என்ற அளவில் கணக்கிடப்படுகிறது; 10 டெசிபல் இழப்பு என்றால் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குதான் மறுபுறம் சேர்கிறது, 20 டெசிபல் என்றால் நூறில் ஒரு பங்கு. கம்பி பின்னிய கான்கிரீட் தளம் ஒன்றே 5 கிகாஹெர்ட்ஸ் அலையை இந்த அளவுக்கு ஒடுக்கிவிடும். இரும்பு பீரோவும் முழுநீளக் கண்ணாடியும் அலையைத் திருப்பி அடிக்கின்றன. இத்தகைய எதிரொலிகளைச் சமாளிப்பதே தொடக்க கால ஆய்வாளர்களின் பெருஞ்சிக்கலாக இருந்தது, ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வு நிறுவனத்தில் ஜான் ஓசல்லிவன் உள்ளிட்டோர் 1990களில் கண்ட தீர்வு இன்றைய வைஃபைக்கு அடித்தளங்களுள் ஒன்றாயிற்று. எதிரொலியைச் சமாளிக்க வழி கிடைத்ததே தவிர, இரும்பை ஊடுருவிச் செல்ல வழி கிடைக்கவில்லை.

இவ்வாறிருக்க, ரவுட்டர் வைக்கப்படும் இடமோ வீட்டாரால் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. இழை எந்தச் சன்னல் வழியாக நுழைகிறதோ அதற்கு அருகிலேயே, பெரும்பாலும் முன்கூடத்துத் தொலைக்காட்சிக்குப் பின்னால், பணியாளர் பெட்டியை வைத்துவிட்டுச் செல்கிறார். படுக்கையறையும் படிக்கும் மேசையும் வீட்டின் மறுகோடியில், இரண்டு மூன்று சுவர்களுக்கு அப்பால் இருக்கின்றன. பெட்டியின் அலையில் பாதி தெருவுக்கே போகிறது. வீட்டின் நடுப்பகுதியில், தலைக்கு மேல் உயரத்தில், அலமாரிக்குள் அடைபடாமல் ரவுட்டர் அமையும்போது கிடைக்கும் மேம்பாட்டை, இருந்த இடத்திலேயே வைக்கப்படும் விலையுயர்ந்த ரவுட்டர் பெரும்பாலும் தருவதில்லை. ஓ.என்.டி. பெட்டியை நகர்த்த முடியாவிட்டாலும், அதிலிருந்து ஒரு லேன் கேபிளை நடுவீட்டுக்கு இழுத்து, அங்கே ரவுட்டரை வைக்கலாம்.

ஆறு, எட்டு ஆன்டெனாக்கள் கொண்ட ரவுட்டர் சுவரைத் துளைத்துச் செல்லும் என்ற நம்பிக்கையும் களையப்பட வேண்டியது. ரவுட்டரின் ஒலிபரப்பு ஆற்றலுக்குச் சட்ட வரம்பு உண்டு. அந்த வரம்பை எந்த நிறுவனமும் தாண்ட முடியாது. அதைவிட முக்கியமாக, இணையப் பயன்பாடு இருவழி உரையாடல் என்பதால் கைபேசியின் மறுமொழியும் ரவுட்டருக்குக் கேட்க வேண்டும். சிறு மின்கலத்தில் இயங்கும் கைபேசியின் ஆற்றலை எந்த ரவுட்டராலும் கூட்ட முடியாது. ஆன்டெனாக்களின் எண்ணிக்கையிலும் கைபேசியே எல்லை வகுக்கிறது. பெரும்பாலான கைபேசிகளில் இரண்டு தகவல் ஓடைகளுக்கே இடமுண்டு, விலை குறைந்தவற்றில் ஒன்றுதான்.

எப்படி அளப்பது

மேற்சொன்னவற்றுள் எது ஒரு குறிப்பிட்ட வீட்டின் குறை என்பதை ஒரு மாலைப்பொழுதில் கண்டுபிடித்துவிடலாம். முதல் அளவீட்டில் மடிக்கணினியை லேன் கேபிளால் ஓ.என்.டி. பெட்டியுடன் நேரே இணைத்து, வேறு கருவிகள் இயங்காத நேரத்தில் வேகச் சோதனை செய்ய வேண்டும். மெல்லிய மடிக்கணினிகளில் லேன் துளை இராது என்பதால் 1 கிகாபிட் தாங்கும் யு.எஸ்.பி. இணைப்பான் ஒன்று தேவைப்படும். பணம் கட்டிய வேகம் இங்கேயே வரவில்லையென்றால், குறை நிறுவனத்தினுடையது அல்லது கேபிளினுடையது. ரவுட்டருக்கு அதில் பங்கில்லை. இதே சோதனையை இரவு ஒன்பது மணியளவில் மீண்டும் செய்து, பகலில் வந்த வேகம் அப்போது பாதியாகிறது என்று தெரிந்தால், தெருவின் பகிர்விலோ அதற்கு அப்பாலோ நெரிசல் இருக்கிறது எனலாம். அடுத்ததாக ரவுட்டர் உள்ள அறையிலேயே, ஐந்தாறு அடி தொலைவில், 5 கிகாஹெர்ட்ஸில் இணைந்த கைபேசியால் அளக்க வேண்டும். கேபிளில் 200 வந்து இங்கே 40 மட்டும் வந்தால் ரவுட்டரோ கைபேசியோ பழையது. மற்றொரு கைபேசியால் அளந்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும். ரவுட்டரின் அருகில் வேகம் நிறைவாக இருந்து, உள்ளறையில் மட்டும் சரிகிறதென்றால், அது இடத்தின் குறை. கைபேசிச் செயலிகள் சைகையின் வலிமையை டிபிஎம் என்ற அலகில் எதிர்ம எண்ணாகக் காட்டும்: மைனஸ் 50 மிக நன்று, மைனஸ் 67 வரை காணொலி அழைப்புக்குப் போதும், மைனஸ் 80ஐ நெருங்கினால் இணைப்பு பெயரளவில்தான் இருக்கும்.

வேகம் நிறைவாக இருந்தும் அழைப்பு மட்டும் திக்குகிறது என்பது வேறு வகைக் குறை. இது போதிய கவனம் பெறுவதே இல்லை. வீட்டில் ஒருவர் நிழற்படங்களை மேகச் சேமிப்புக்கு ஏற்றத் தொடங்கியதும் மற்றவரின் குரல் அறுபடுகிறதென்றால், ரவுட்டரோ ஓ.என்.டி. பெட்டியோ தகவல் பொட்டலங்களை அளவுக்கு மீறி நீண்ட வரிசையில் தேக்கி வைக்கிறது என்று பொருள். அமெரிக்கப் பொறியாளர் ஜிம் கெட்டிஸ் இதை 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் பஃபர்ப்ளோட் என்ற பெயரில் உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். வரிசையில் பொட்டலம் காத்திருக்கும் நேரத்தைக் கண்காணித்துத் தேக்கத்தைக் குறைக்கும் வழிமுறையைக் கேத்லீன் நிக்கோல்ஸ், வான் ஜேக்கப்சன் இருவரும் 2012இல் வெளியிட்டனர். சும்மா இருக்கும்போது 20 மில்லிவிநாடியில் வரும் மறுமொழி, பெரிய கோப்பை ஏற்றும்போது பல நூறு மில்லிவிநாடியாக ஏறுகிறதா என்று பார்த்தால் இந்த நோய் பிடிபடும். இதற்கு மருந்து, ஸ்மார்ட் க்யூ அல்லது எஸ்.க்யூ.எம். எனும் வரிசை மேலாண்மை வசதியுள்ள ரவுட்டர். இவ்வகை வீட்டில் வேக எண் குறைந்த, ஆனால் இந்த வசதி உடைய ரவுட்டர், வேக எண் மிகுந்த மற்றொன்றைவிட மேலானது. ஓபன்டபிள்யூஆர்டி என்ற கட்டற்ற மென்பொருளை ஏற்கும் பழைய ரவுட்டராயின், அதில் இந்த வசதியைச் செலவின்றியே சேர்த்துக்கொள்ளலாம்.

மாற்றுவதே சரியாகும் நேர்வுகள்

அளந்த பின், மாற்றுவது சரியென்று தெரியவரும் வீடுகளும் உண்டு. 2009இன் தரமான வைஃபை 4ஐ 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் தரும் ரவுட்டரை 100 மெகாபிட்டுக்கு மேற்பட்ட இணைப்பில் வைத்திருப்பது வீண். 100 மெகாபிட் துளை உள்ள ரவுட்டருக்கும் இது பொருந்தும். கைபேசிகள், கேமராக்கள், விளக்குகள், தொலைக்காட்சிகள் என்று இருபது முப்பது கருவிகள் சேர்ந்துவிட்ட வீட்டுக்கு வைஃபை 6 பயன் தரும். ஏனெனில் தடத்தைச் சிறு பகுதிகளாக வகுத்து ஒரே கணத்தில் பல கருவிகளுக்குப் பரிமாறும் முறை அதில் சேர்க்கப்பட்டுள்ளது, ஆனால் அந்தப் பயனைப் பெறக் கருவிகளும் வைஃபை 6 வகையாக இருக்க வேண்டும். 2024 சனவரியில் சான்றளிப்புத் தொடங்கிய வைஃபை 7 இப்போதைக்குப் பெரும்பாலான வீடுகளுக்கு அவசரமில்லை. அதன் 320 மெகாஹெர்ட்ஸ் அகலத் தடங்கள் 6 கிகாஹெர்ட்ஸ் வெளியில் மட்டுமே இயங்குபவை. அமெரிக்கா அந்த வெளியை 2020இல் திறந்துவிட்டது, இந்தியாவோ அதன் கீழ்ப்பகுதியை விடுவிக்கும் வரைவு விதிகளை 2025 மே மாதத்தில்தான் வெளியிட்டது. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் ரவுட்டரின் 6 கிகாஹெர்ட்ஸ் வசதி இந்தியாவுக்கான ஒப்புதல் பெற்றதா என்று பார்க்காமல் அதற்கு விலை கொடுப்பது அறிவுடைமை ஆகாது.

வேகத்தோடு சிறிதும் தொடர்பில்லாத, ஆனால் மற்றெல்லாவற்றையும்விட வலுவான காரணம் ஒன்று உண்டு. ரவுட்டரின் மென்பொருளில் ஓட்டைகள் தொடர்ந்து கண்டுபிடிக்கப்படுகின்றன. நிறுவனம் திருத்தங்களை வெளியிடும் வரை அது பாதுகாப்பானது, நிறுத்திய பின் பாதுகாப்பற்றது. 2016இல் மிராய் என்ற தீநிரல், மாற்றப்படாத இயல்புநிலைக் கடவுச்சொற்களைக் கொண்டு உலகெங்கும் வீட்டுக் கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றிப் பெரிய இணையதளங்களை முடக்கியது. அடுத்த ஆண்டே பெல்ஜிய ஆய்வாளர் மேத்தி வான்ஹோஃப், அதுவரை உறுதியானதெனக் கருதப்பட்ட டபிள்யூபிஏ2 பூட்டில் குறை இருப்பதை எடுத்துக்காட்டினார்; திருத்தம் பெற்ற கருவிகள் தப்பின. கணினி வைத்திருப்போர் அனைவரும் மென்பொருளைப் புதுப்பிக்கப் பழகியும் ரவுட்டரை மறந்துவிடுவது வருந்தத்தக்கது, ஏனெனில் வங்கிக் கணக்கும் பிள்ளைகளின் பாடமும் அதன் வழியாகவே செல்கின்றன. 2024 ஏப்ரல் முதல் பிரிட்டனில், பாதுகாப்புத் திருத்தங்கள் எவ்வளவு காலம் தரப்படும் என்பதைத் தயாரிப்பாளர் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். இங்கே வாங்குவோர் அந்தக் கேள்வியைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆதரவு முடிந்த ரவுட்டர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அதை மாற்றிவிடுவதே இக்கட்டுரையின் துணிபு.

மாடி உள்ள வீட்டிலும் நீண்ட வீட்டிலும் ஒற்றை ரவுட்டர் எதுவாயினும் போதாது. சைகையைப் பெற்று மீண்டும் ஒலிபரப்பும் ரிப்பீட்டர் மலிவானது; ஆனால் ஒரே காற்றில் கேட்பதும் பேசுவதும் அதுவே ஆகையால், வேகம் ஏறக்குறைய பாதியாகிறது. பல பெட்டிகள் ஒரே பெயரில் கைகோத்து இயங்கும் மெஷ் அமைப்பிலும், பெட்டிகளிடையே கம்பியில்லா இணைப்பு இருக்கும்வரை கான்கிரீட் தளம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். தரைத்தளத்திலிருந்து மாடிக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து, அதன் முனையில் சாதாரண ரவுட்டர் ஒன்றை ஆக்சஸ் பாயின்ட் நிலையில், அதாவது பங்கீட்டு வேலையை முதல் பெட்டியிடமே விட்டுவிட்டு அலையை மட்டும் பரப்பும் நிலையில் வைத்தால், விலையுயர்ந்த மெஷ்ஷை அது மிஞ்சும். வீடு கட்டும்போதே மின்கம்பிக் குழாயிலிருந்து தள்ளி, ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு வெறுங்குழாயைச் சுவருக்குள் பதித்துவிட்டால் பின்னாளில் எந்தத் தொழில்நுட்பத்தின் கேபிளையும் அதில் இழுக்கலாம். இதைச் சொல்லும் கட்டடப் பொறியாளர்கள் மிகச் சிலர் என்பதால், வீட்டுக்காரர்தான் வரைபடத்திலேயே கேட்டு வாங்க வேண்டும்.

புதிய ரவுட்டர் வந்த பின் பழையதை என்ன செய்வது என்பதையும் கருத வேண்டும். நிறுவனம் தந்த ஓ.என்.டி. பெட்டி பெரும்பாலும் அந்நிறுவனத்தின் உடைமை. இணைப்பை மாற்றும்போது அதைத் திருப்பித் தர வேண்டியிருக்கும். சொந்த ரவுட்டர் இன்னும் பாதுகாப்புத் திருத்தங்கள் பெறுவதாயின் மாடியில் ஆக்சஸ் பாயின்ட்டாகப் பணியாற்றலாம். பிறருக்குக் கொடுப்பதானாலும் மின்கழிவாக ஒப்படைப்பதானாலும், பின்புறத்தில் உள்ள ரீசெட் துளையை ஊசியால் பத்து விநாடிக்கு மேல் அழுத்தி, அதில் தங்கியிருக்கும் வைஃபை கடவுச்சொல்லையும் இணைய நிறுவனம் தந்த பயனர் விவரங்களையும் அழித்த பிறகே அது வீட்டை விட்டு வெளியேற வேண்டும்.